நிழல் பார்த்தவள்

துறைமுகத்தில் சரக்குப் பெட்டி தூக்கும் கிரேன்கள் நான்கு. இனிமேல் யாரும் மேலே ஏறி உட்கார்ந்து ஓட்ட வேண்டியதில்லை, கீழே ஓர் அறையில் திரையைப் பார்த்தே ஓட்டலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. நான்கு பேர் வேலைக்கு இரண்டு நாற்காலி போதும் என்பதையும் கையோடு முடிவெடுத்தது. ஒரு நாற்காலி போன வாரம் நிரம்பிவிட்டது. ஓர் ஆள் வேலையே வேண்டாமென்று போய்விட்டார். மிச்சமிருந்த ஒன்றுக்கு, நால்வரில் மீதி இருவரான அண்ணனும் தங்கையும்.

தங்கையை அங்கே எல்லோரும் எறும்பு என்பார்கள். உருவத்துக்குச் சம்பந்தமில்லாத பாரத்தைத் தூக்குகிறாள் என்று அண்ணன் வைத்த பெயர். நாற்காலி கிடைக்காதவர், கப்பலில் பெட்டிகளை இரும்புக் கம்பி போட்டுக் கட்டும் கூட்டத்துக்குப் போக வேண்டும். கம்பி ஒன்று பதினைந்து கிலோ. எறும்புக்கு வலது தோள் இரண்டு முறை கழன்றிருக்கிறது. அண்ணனுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது.

மூத்தவன் என்று அண்ணனை முதலில் உட்காரச் சொன்னார்கள். தேர்ச்சி பெற்றால் நாற்காலி அவனுக்கு. இல்லையென்றால் அடுத்து அவள்.

"பத்து பெட்டி, இருபது நிமிஷம்," என்றார் தேர்வு எடுக்க வந்த இன்ஜினியர். "பின்னாடி இருக்கறவங்க வாயத் திறந்தா, ஓட்டறவரோட தேர்வு ரத்து. போன வாரம் ஒருத்தர் இருமி இருமியே வழி சொன்னார்."

"இவளா வாய மூடிட்டு இருப்பா? அதுக்குத் தனியா ஒரு தேர்வு வைங்க சார்," என்றான் அண்ணன்.

"நீ முன்னாடி பாத்து ஓட்டுண்ணா," என்றாள் எறும்பு.

அவன் கிரேனை ஓட்டும் இரண்டு பிடிகளையும் பற்றினான். முழங்கைகளை அகட்டி, நாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான். பன்னிரண்டு வயதிலும் இப்படித்தான் உட்காருவான்.

அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். யாரோ வீடு காலி செய்தபோது குப்பைக்குப் போக இருந்த வீடியோ கேம் பெட்டியை ஒரு நாள் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரே ஒரு கேசட். ஏதோ விண்வெளிப் படத்தை வைத்துச் செய்த விளையாட்டு. மேலட்டை கிழிந்து, கதாநாயகனுக்குத் தலை இல்லை. கையில் ஹெல்மெட் மட்டும் இருந்தது. படத்தை இருவரும் பார்த்ததில்லை. ஒரு பிடிதான் இருந்தது, அது அண்ணன் கையை விட்டு இறங்கியதில்லை. "நீ பாத்துச் சொல்லு, நான் ஓட்டறேன்" என்பான். பெரிய சலுகை காட்டுவதுபோல் சொல்வான்.

விண்கலம் ஒரு கிரகத்தில் இறங்க வேண்டும். மேலேயிருந்து பாறைகள் விழும். பாறை வருமுன் பீப் என்று சத்தம் வருமாம். ஊரில் மற்ற பிள்ளைகளுக்கு வந்தது. இவர்கள் வீட்டில் வராது. இரவெல்லாம் மூட்டை சுமந்த அப்பா பகலில் அதே அறையில், டிவி மேசைக்கு அடியில் காலை நீட்டித் தூங்குவார். சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவார்கள். அப்போது பாறைக்கு ஒரே அடையாளம், திரையின் அடியில் தோன்றும் சின்ன நிழல். அண்ணனின் கண் கலத்தை விட்டு நகராது. ஆகவே எறும்பு குப்புறப் படுத்து அடி விளிம்பைக் காவல் காத்தாள். கண்டதும் மூச்சுக்காற்றில் சொல்வாள்: "நிழல்." குரல் கொஞ்சம் ஏறினாலும் அப்பாவின் கால் வந்து விழும்.

கிரகத்தில் இறங்க எட்டு மாதமானது.

பல வருஷம் கழித்து அந்தப் படம் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது பார்த்தார்கள். கதாநாயகன் இரண்டே நிமிடத்தில் இறங்கிவிட்டான். ஒரு பாறைகூட விழவில்லை.

"நாம செத்துச் செத்து எறங்குனோம். இவன் தலமுடி கலையாம எறங்கறான்," என்றான் அண்ணன்.

"அவங்க அப்பா அங்க தூங்கலயே," என்றாள் எறும்பு.

தேர்வில் ஒன்பது பெட்டிகள் இறங்கிவிட்டன. நான்கு நிமிடம் மிச்சம். பத்தாவது பெட்டி அடுக்குகளுக்கு மேலே தொங்கியது. கிரேனின் மேலே கேபினாக இருந்தால் காற்று அடிப்பது முதுகுக்குத் தெரியும், கம்பிவடம் முனகுவது காதில் விழும். இங்கே ஏசி மட்டும் இரைந்தது. அண்ணனின் கண் பெட்டியிலேயே இருந்தது. திரையின் அடியில், பக்கத்து அடுக்கின் மேல் ஒரு கறுப்பு ஏறுவதை எறும்பு கண்டாள்.

"நிழல்."

மூச்சுக்காற்றுதான். அவன் கை தானாக இடதுபக்கம் இழுத்தது. ஒரு சாண் இடைவெளியில் பெட்டி அடுக்கைத் தாண்டி, ஆடி அடங்கி இறங்கியது.

இன்ஜினியர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏதாவது சொன்னீங்களா?"

"சொன்னேன்," என்றாள்.

"அவ சொல்லலன்னாலும் நான் பாத்திருப்பேன் சார்."

"பாத்திருக்கலாம்," என்றார் அவர், தாளில் ஒரு கோடு கிழித்தபடி.

பார்த்திருப்பானா, பெட்டி மோதியிருக்குமா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. வார்த்தை வெளியே போன பிறகுதான் விதி ஞாபகத்துக்கு வந்தது என்று எறும்பு தனக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டாவது முறையும் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது முறை அவ்வளவு உறுதியாக இல்லை.

இருவரும் இடம் மாறினார்கள். பிடிகளில் அவன் கையின் ஈரம் இருந்தது. துடைத்துவிட்டு ஆரம்பித்தாள். அவள் கண் திரையின் அடியிலேயே போய் நின்றது. பெட்டி கண்டபடி ஆடியது. மூன்றாவது பெட்டி ஒன்றுக்கே ஐந்து நிமிடம் தின்றாள். பிறகு கண்ணை மேலும் கீழும் ஓடவிடப் பழகினாள். எட்டாவது பெட்டியில் அடுக்கின் விளிம்பு நெருங்கியபோது பின்னால் அண்ணனின் முழங்கால் சொடுக்கியது. எழப்போனான் போல. எழவில்லை, எதுவும் சொல்லவில்லை. அவளே பார்த்து இழுத்துக்கொண்டாள்.

பத்தாவது இறங்கியபோது பதினோரு நொடி மிச்சம். இன்ஜினியர் தலையசைத்துக் கையெழுத்து வாங்கினார்.

அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "நான் வாயத் திறக்கல, பாத்தியா."

"பாத்தேன்."

"தோள்ல தைலம் தேச்சுக்கோ. இந்தச் சேர்லயும் வலிக்கும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

கண்ணாடி வழியாக எதிரே இருந்த ஸ்டோர் தெரிந்தது. கம்பி கட்டும் வேலைக்குக் கையுறை வாங்க அவன் நின்றான். ஸ்டோர்காரர் அளவு கேட்டிருக்க வேண்டும். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து அவர் முன்னால் நீட்டினான்.