இருபத்தொன்பதாம் நாள்

மனைவி சித்ராதேவி இறந்துபோய் ஒன்றரை மாதம் ஆகியும் சண்முகசுந்தரத்துக்கு அவள் கையெழுத்தில் ஒரு வரிகூட அகப்படவில்லை. வீட்டை இரண்டு முறை கவிழ்த்துப் பார்த்துவிட்டார். மளிகைப் பட்டியல் முதல் மருந்து நேரம் வரை எல்லாவற்றையும் போனிலேயே வைத்திருந்தவள். கையால் எழுதியது என்று ஒன்றுமில்லை.

பன்றிகளை ஆராய்கிற கூடத்திலிருந்து அனிஷா கூப்பிட்டாள். அங்கே படிக்கிற பெண். சித்ராவோடு சேர்ந்து வேலை பார்த்தவள். "சித்ராக்காவோட கோட்டு, டிபன் பாக்ஸ் எல்லாம் இங்கயே இருக்கு சார். முடிஞ்சா வாங்க."

ஸ்ரீரங்கத்தில் ஏறி, சத்திரத்தில் இறங்கி, துவாக்குடி பஸ் பிடித்தார். பத்தொன்பது வருடம் அவள் போய்வந்த வழி. அவருக்குப் பொன்மலைப் பணிமனையில் வேலை. ஒருநாளும் கூட வந்ததில்லை. வீட்டுக்காரம்மாவிடம் தன் வேலை 'ரத்தப் பரிசோதனை' என்று மட்டும் சித்ரா சொல்லி வைத்திருந்தாள். யார் ரத்தம் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. "எனக்கும் ஒருநாள் சுகர் பார்த்துச் சொல்லேண்டி" என்று அந்த அம்மாள் விரலை நீட்டிய அன்று, உள்ளே வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அனிஷா கோட்டை மடித்துக் கொடுத்தாள். மேசைமேல் புகைவிடும் பனிப்பெட்டியில் விரலளவுக் குழாய்கள் பத்து நின்றன. ஒன்றில் ஒட்டிய சீட்டில் 'கு 4, நாள் 29' என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது. 'கு'வின் சுழியை அடுத்த எழுத்துக்கு அடிவரை இழுத்துவிடுவாள் சித்ரா. அவர் குனிந்து இன்னொரு முறை படித்தார்.

"கடைசி பேட்ச் சார். எப்பவும் நான்தான் நாள் கணக்கு பார்த்துச் சொல்வேன். இது நான் பரீட்சைக்குப் போயிருந்தப்ப அக்கா தனியா எடுத்த ரத்தம். புரொபசர் தூக்கிப் போடச் சொல்லிட்டார்."

"ஏம்மா?"

"பன்றிக்குட்டி பிறக்கறப்ப நோயைத் தடுக்கற சக்தி அதுகிட்ட இருக்காது சார். எல்லாம் தாயோட முதல் பால்ல வர்றதுதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அதுக்கே சொந்தமா வரும். எந்த மரபணு எந்த வயசுல முழிச்சுக்குதுன்னுதான் நாங்க பார்க்கறோம். இருபத்தெட்டாம் நாள் சாயந்திரம் தாய்கிட்டேருந்து பிரிச்சிடுவோம். மறுநாள் காலையில ரத்தம். மத்த பேட்ச்ல எல்லாம் அந்த மரபணுக்கள் முழிச்சு உள்ளுக்குள்ள ஒரே கலவரம். இந்தப் பத்துல மட்டும் சத்தமே இல்ல. அக்காவுக்கு அப்பவே உடம்பு முடியல, குழாயை மாத்தி வச்சுட்டாங்கன்னு சொல்றார்."

"அவ மாத்த மாட்டா."

"எனக்குத் தெரியும் சார். காரணம் கேட்டா சொல்ல முடியலையே."

அவர் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூக்கிப் போடறதுதானே. எழுதியிருக்கற சீட்டை மட்டும் எனக்குக் கொடேன்."

"கிருமி போக ஆவியில வச்சுட்டு உரிச்சுத் தரேன் சார். பத்தும் தரேன்."

பத்து. டிபன் பாக்ஸில் ஒட்டாமல் போட்டு வைக்கலாம் என்று நினைத்தார். பேச்சுக்காகக் கேட்டார்: "இருபத்தொம்பதுன்னா எங்கேருந்து எண்ணுவீங்க?"

"பிறந்த நாள் பூஜ்யம். மறுநாள்தான் ஒண்ணு."

சண்முகசுந்தரம் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். தை மாதம் ஒரு காலை. சித்ரா காலண்டர் முன்னால் நின்று, குட்டிகள் பிறந்த தேதிமேல் விரலை வைத்து 'ஒண்ணு' என்று தொடங்கியது கண்ணில் நின்றது. அவள் குடும்பத்திலும் அவர் குடும்பத்திலும் யாரும் பூஜ்யத்திலிருந்து எண்ணியதில்லை. குழந்தை பிறந்தாலும் அப்படித்தான், யாராவது போனாலும் அப்படித்தான். அவளுடைய பதினாறாம் நாளையே அவர் அவள் போன நாளைச் சேர்த்துத்தான் எண்ணினார்.

ஆக, அவளுடைய இருபத்தொன்பது இவர்களுடைய இருபத்தெட்டு. சாயந்திரம் பிரிப்பதற்கு முன்னால், அதே நாள் காலை.

அனிஷா கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். வாயைத் திறக்காமல் இருந்தால் சாயந்திரம் பத்துச் சீட்டும் அவர் கையில் இருக்கும். சித்ரா குழாய் மாற்றியவளாகவே போய்ச் சேர்வாள். கதவுவரை அனிஷாவைப் போகவிட்டார்.

"நில்லும்மா," என்றார்.

அவர் சொன்ன நாள் கணக்கைக் கேட்டதும் அனிஷா முக்கொம்பு தாண்டி இருக்கிற பண்ணைக்குப் போன் போட்டாள். பண்ணை வேலை பார்க்கிற வீரம்மாள் நோட்டைப் புரட்டும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

"பொறந்தது வெள்ளிக்கிழமை. சித்ரா வந்து ரத்தம் எடுத்ததும் வெள்ளிக்கிழமைதான், காலையில. சாயந்திரம்தான் பிரிச்சோம். நாளைக்கு வாயேண்டின்னேன். எனக்கே கணக்கு சொல்லித் தர்றியான்னு சண்டைக்கு வந்தா மகராசி."

அனிஷா போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். "சார், தாயோட இருந்த கடைசிக் காலை ரத்தம் வேற எந்த பேட்ச்லயும் எங்ககிட்ட இல்ல. நாளை மட்டும் திருத்திட்டா போதும். இதை இப்ப யாரும் தொட முடியாது." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது. "அந்தச் சீட்டு…"

"இருக்கட்டும்மா. ஒண்ணை மட்டும் கையில தா."

கையுறை கொடுத்தாள். நாலாம் குட்டியின் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பனி படர்ந்து 'கு' மங்கியது. கட்டைவிரலால் துடைத்தார், சுழி தெரிந்தது, மறுபடி மங்கியது.

"உள்ள வைக்கணும் சார். உருகினா போச்சு."

"இதோ," என்றார். இன்னொரு தரம் துடைத்தார்.

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். அவர் கொடுத்தார்.