இரவல் கைப்பிடி

தண்ணீர்த் திட்டத்துக்குப் பணம் தருகிற வெளிநாட்டுக்காரர்கள் வருகிற அன்று காலையில்தான் கச்சேரே ஊர்ப் பம்பில் தண்ணீர் வந்தது.

மக்காச்சோளம் அறுத்த நாளிலிருந்து அது செத்துக் கிடந்தது. முறிந்த கைப்பிடியைப் பற்றவைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. திட்டத்து அதிகாரி கம்வெண்டோ மோட்டார் சைக்கிளில் வருவான், "வருது, சாமான் வருது" என்று சொல்லிவிட்டுப் போவான். பெண்கள் ஆற்று மணலைத் தோண்டிக் கலங்கலை மொண்டார்கள். அதைக் குடித்து, அவர்களில் ஒருத்தியான எனிஃபாவின் கடைசிப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. தூக்கினால் ஈரத்துணி மாதிரி தோளில் தொங்கியது.

இப்போது மாட்டியிருந்த கைப்பிடி மலைக்கு அந்தப் பக்கம், ம்போண்டா ஊர்ப் பம்பினுடையது. முந்தின நாள் கம்வெண்டோ கழற்றிக்கொண்டு வந்திருந்தான். சாயங்காலம் திருப்பித் தருவதாக ம்போண்டா தலைவரிடம் வாக்கு. வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டு போனதும் கச்சேரே மறுபடி மணலுக்குப் போக வேண்டியதுதான்.

வரவேற்புப் பாட்டுக்கு எனிஃபாவைப் பிடித்தான் கம்வெண்டோ. அந்த வட்டாரத்தில் அவள் குரலுக்கு எடுப்பு அதிகம்.

"கணீர்னு பாடணும்மா. அவங்க மனசு குளிர்ந்தாத்தான் அடுத்த வருசமும் திட்டம் இருக்கும்."

"பாடறேன் சார். ஆடத்தான் முட்டி விடாது. உரல்ல குத்திக்கிட்டே பாடறேனே."

படத்துக்கு நன்றாக இருக்குமென்று அவன் சரியென்றான். அவன் நகரத்தில் மாவு வாங்கித் தின்று வளர்ந்தவன். பக்கத்தில் நின்ற கச்சேரே ஊர்த்தலைவர் மட்டும் எனிஃபாவை ஒரு பார்வை பார்த்தார். உரலடியில் பெண் பாடுவதற்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. மாமியாரை வையலாம், குடிகாரப் புருஷனைக் கிழிக்கலாம், தலைவரின் மானத்தையே உமியாகப் பறக்கவிடலாம். உலக்கை ஓய்ந்தபின் அதைக் கிளறினால் கிளறியவனுக்குத்தான் அசிங்கம்.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. கைப்பிடி வந்து இறங்கிய கையோடு எனிஃபா மலையேறி ம்போண்டாவுக்குப் போய், அங்கே பம்பைப் பார்த்துக்கொள்ளும் மாலிதாவிடம் பேசிவிட்டு வந்திருந்தாள். மாலிதா முதலில் அவளை ஏசினாள். தங்களைக் கேட்காமல் ம்போண்டா தலைவர் தூக்கிக் கொடுத்ததில் கச்சேரேக்காரிகளுக்கும் பங்கிருப்பதாக நினைத்திருந்தாள்.

"நாளன்னைக்கு எங்களுக்கும் இல்லடி," என்றாள் எனிஃபா. "வந்து எடுத்துக்கிட்டுப் போ. ஆனா அந்த வெளிநாட்டுக்காரங்க பாக்கறப்ப எடு."

"திட்டத்தையே மூட்டை கட்டிட்டாங்கன்னா?"

"கட்டட்டும். இப்ப மட்டும் கொட்டுதாக்கும்."

வண்டிகள் வந்தன. தொப்பி போட்ட வெள்ளைக்காரம்மா பம்பை அடித்து, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். எனிஃபா உலக்கையை ஓங்கினாள். அவள் கேட்க, சுற்றி நின்ற பெண்கள் பதில் சொன்னார்கள்.

"கைப்பிடி யாருது?"

"மலைக்கு அந்தாண்ட!"

"தண்ணி எதுவரைக்கும்?"

"வண்டி போறவரைக்கும்!"

"சாமான் எங்கே?"

"வருது, வருது!"

தண்ணீர் தந்தவர்களை வாழ்த்துகிறார்கள் என்று கம்வெண்டோ ஆங்கிலத்தில் சொன்னான். கழுத்தில் வேர்வை ஓடியது. மெட்டு பிடித்துப்போன வெள்ளைக்காரம்மா தானும் கைதட்டி, "வருது, வருது" என்று கூடவே பாடினாள். பெண்கள் இடுப்பில் சுற்றியிருந்த சித்தெஞ்சேத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அடுத்த முறை "கைப்பிடி யாருது?" என்றபோது பதில் மலைப்பாதையிலிருந்து வந்தது.

"எங்களுது!"

காலி வாளிகளோடு ம்போண்டாப் பெண்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். மாலிதா யாரையும் பார்க்கவில்லை. இடுப்பு முடிச்சிலிருந்து திருகுசாவியை எடுத்தாள், போல்ட்டைத் திருகினாள், கைப்பிடியை உருவித் தலையில் வைத்துக்கொண்டாள். கம்வெண்டோ குறுக்கே போய் நின்றான்.

"சாயங்காலம் தர்றேன்னு சொன்னேன்ல?"

"காலைலயும் தாகம் எடுக்குது சார்."

அவள் அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அவன் ஊர்த்தலைவரிடம் ஓடினான். இவர்களைக் கண்டிக்கக் கூடாதா என்று கேட்டான். தலைவர் காலடி மண்ணைச் செருப்பால் நிரவினார்.

"உரலடிப் பாட்டுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

வெள்ளைக்காரம்மாவின் சிரிப்பு நின்றிருந்தது. மொட்டையாக நின்ற பம்பைப் பார்த்தாள், மலையேறுகிற கைப்பிடியைப் பார்த்தாள். அவள் கம்வெண்டோவிடம் ஏதோ கேட்க, அவன் இழுத்தான். அவனை விட்டுவிட்டு நேரே உரலருகே வந்து நின்றாள்.

இனி திட்டம் வருமோ போகுமோ, எனிஃபாவுக்குத் தெரியாது. மறுநாள் மணல் தோண்ட வேண்டும், அது தெரியும். பாட்டை முதல் அடியிலிருந்து மறுபடி எடுத்தாள், இந்தத் தடவை மெதுவாக. ஓரடி பாடிவிட்டுக் கம்வெண்டோவைப் பார்த்தாள்.

"அவங்க பாஷையில சொல்லுங்க சார்."

உலக்கை தலைக்கு மேலே நின்றது. அவன் உள்ளபடி சொல்லி முடிக்கிறவரை அவள் அதை இறக்கவில்லை.