ஞாயிற்றுக்கிழமை ஹைட்ரஜன்

ஹைட்ரஜனைப் போல எனக்கு எரிச்சல் மூட்டும் வாயு வேறில்லை. துருவக் கடல் காற்றில் இருப்பதே துளியூண்டு. அதை அளக்கத்தான் என்னைக் கப்பலேற்றி விட்டிருந்தார்கள். காற்றை உறிஞ்சும் குழாய் கப்பலின் முன்பக்கம் இருந்தது. கடல் தண்ணீரையும் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, கரைந்திருக்கும் வாயுவைப் பிரித்து அளப்பேன். நாளெல்லாம் கருவி கிர்ரென்று கத்தும். பேச்சுத் துணைக்கு ஆளில்லை.

மகள் சித்தி வீட்டில் இருந்தாள். நான் விட்டுவிட்டுக் கிளம்பிய கோபத்தில் முதல் மாதம் என்னோடு பேசவே இல்லை. பிறகு ஞாயிறுதோறும் பேசினாள். செயற்கைக்கோள் போனுக்கு அந்தக் குழாயைத் தாண்டி முன்னால் போனால்தான் சிக்னல். பல் தந்தியடிக்க அங்கே நிற்பேன். வாரம் முழுக்க அதற்காகவே காத்திருந்தேன்.

ஞாயிறுகளில் காற்றில் ஹைட்ரஜன் எகிறியது. கடல்தான் விடுகிறது, பெரிய கண்டுபிடிப்பு என்று தலைகால் புரியாமல் ஆடினேன். ஆய்வுக் குழுத் தலைவர் வரைபடத்தைப் பார்த்தார்.

"தண்ணில அளவு ஏறவே இல்லையே. கடல் ஞாயித்துக்கிழமை பாத்துத்தான் வாயு விடுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனித மூச்சிலும் ஹைட்ரஜன் உண்டு. குடலில் உண்டாகி வெளியே வருவது. குப்பியைத் திறக்கும்போது மூச்சைப் பிடிக்கச் சொல்லி எல்லார் உயிரையும் வாங்குபவள் நான். குழாய்க்கு எதிரே நின்று வளவளத்ததும் நான்தான்.

"இனிமே யாரும் அங்க போகக் கூடாது" என்றார் தலைவர். ஒரே ஒரு முறைக்குக் கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

"இன்னும் மூணு மாசம் பேச முடியாதுடி. என் மூச்சு அளவைக் கெடுக்குது" என்று மகளிடம் சொன்னேன்.

"அப்ப நீ பேசாத. வாயைப் பொத்திக்கிட்டு கேளு, நான் பேசறேன்."

கம்பளித் துணியால் வாயை மூடிக்கொண்டேன். பள்ளிக்கூடம், கணக்கு டீச்சர், சித்தியின் குறட்டை என்று ஏதேதோ சொன்னாள். பிறகு குரல் இறங்கியது.

"அம்மா, உன் முகம் கொஞ்சம் மறந்துபோச்சு. சித்திகிட்ட சொல்லிடாத."

துணியெல்லாம் எந்த மூலைக்கு? வாய்விட்டு அழுதேன்.

கீழே வந்து பார்த்தால், அந்தப் பயணத்திலேயே மிக உயர்ந்த அளவு திரையில் நின்றது. அதை நீக்கியாக வேண்டும். காரணம் என்ன என்று கணினி கேட்டது. 'மாசு' என்று தட்டினேன்.