எந்தப் பக்கம் ஈரல்

எங்கள் காப்பி எஸ்டேட் கம்பவுண்டர் பெரியண்ணனுக்குத் தெரிந்த நோய்கள் இரண்டு. ஒன்று மலைக்காய்ச்சல், அதற்குக் கொயினா மாத்திரை. மற்றது குடி, அதற்கு வசவு. மூன்றாவதாக ஒரு நோய் உலகத்தில் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

மார்கழியில் என் புருஷன் வேடியப்பனுக்கு வயிறு உப்பிக் கண் மஞ்சளானது. கம்பவுண்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காலையில் பேர் கூப்பிடும் இடத்தில், எல்லார் முன்னாலும், "சாராய வயிறு" என்று சொல்லி நோட்டில் 'குடி' என்று எழுதினார். சொன்ன வாயில்தான் பிராந்தி வாடை குப்பென்று அடித்தது.

வேடியப்பன் குடியை விட்டுப் பதினோரு வருஷமாகிறது. தலைப்பிள்ளை செத்தபோது சேர்வராயன் கோயிலில் சத்தியம் செய்தார். அதற்கப்புறம்தான் திருவிழாவில் சாமி பல்லக்குக்குத் தோள் கொடுத்தார். சத்தியம் தவறியவன் பல்லக்கைத் தொடக்கூடாது. நோட்டில் எழுதிய ஒரு வார்த்தையை நம்பி, "இந்த வருசம் வேண்டாமுங்க" என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். புத்தி கெட்ட கூட்டம். கூடவே வேலை செய்தவர்களுக்குத் தெரியாதா?

"சாவறதுக்குப் பயமில்ல கண்ணாயி. சாமி முன்னால பொய்யனாப் போயிட்டனே" என்று அவர் அழுதார்.

சித்திரையில் துரைசானியின் காய்ச்சலைப் பார்க்கச் சேலத்திலிருந்து டாக்டர் வந்தார். எங்களுக்காக எவர் மலையேறப் போகிறார்? பேர் கூப்பிடும் நேரம் பார்த்து, வேடியப்பனையும் தாங்கிக் கூட்டிப்போய் அவர் குதிரையை மறித்தேன்.

நல்ல மனுஷன், இறங்கினார். வேடியப்பனைச் சாக்கில் படுக்கவைத்து வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. ஈரல்லயே பொறந்து வளர்ற கட்டி. இதுக்கு மருந்து இல்லம்மா. வைகாசி தாண்டறது கஷ்டம்."

"குடிச்சதாலயா வந்துச்சுங்க?"

"குடிக்காதவங்களுக்கும் வரும். வயித்தப் பாத்துக் குடிகாரன்னு சொல்ல முடியாது."

கம்பவுண்டர் குறுக்கே வந்தார். "சார், நான் இருபது வருஷமா ஈரல் பாக்கறவன்."

"அப்படியா? ஈரல் எந்தப் பக்கம், காட்டுங்க."

பெரியண்ணன் தன் இடது விலாவில் கை வைத்தார். டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது, காய்ச்சல்காரர்களுக்கு வீங்கும் மண்ணீரலை இருபது வருஷமாகத் தடவி, அதையே ஈரல் என்று நினைத்திருக்கிறார் மகானுபாவர். பேர் கொடுக்க நின்ற பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். டாக்டர் நோட்டை வாங்கிக் 'குடி'யை அடித்துவிட்டு 'ஈரல் கட்டி' என்று எழுதினார்.

வைகாசித் திருவிழாவுக்கு ஊர்க்காரர்களே வீடு தேடி வந்து அழைத்தார்கள். வேடியப்பனால் தூக்க முடியவில்லை. இரண்டு பேர் தாங்கிக்கொள்ள, பல்லக்குக் கம்பில் கையை மட்டும் வைத்துப் பத்தடி நடந்தார். முகத்தை நிமிர்த்தித்தான் நடந்தார்.

அந்தக் கூட்டத்தில் கம்பவுண்டர் என்னருகே வந்து, "மனசுல வெச்சுக்காத கண்ணாயி" என்றார்.

"அவருக்கு மிச்சமிருந்ததே ஆறு மாசந்தானுங்க. அதுல அஞ்சு மாசம் தலைகுனிஞ்சே கெடந்தாரு. அந்த அஞ்சு மாசத்தத் திருப்பிக் குடுங்க, மறந்தர்றனுங்க" என்றேன்.