தள்ளிப் போட்ட நாள்

அவள் கணவன் கப்பலில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவன். வருடத்துக்கு ஒரு முறை, மூன்று வாரம் வீட்டில் இருப்பான். மீதி நாளெல்லாம் அவள் சலவைக்கடையில் அடுத்த வீட்டுக் கணவன்மார்களின் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். தெருவில் அவளுக்குக் கப்பல்காரி என்று பேர். ஒரு கப்பலைக்கூட அவள் கிட்டே போய்ப் பார்த்ததில்லை.

மூன்று வாரம் என்றால் அதற்குள் மாதவிலக்கு எப்படியும் வந்து நிற்கும். அவளுக்கு அது லேசில் விடுகிற ரகமும் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் அந்த வாரம் போச்சு. கல்யாணமான முதல் வருடம் அப்படித்தான் ஆனது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றிக் கொடுத்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் வருடம் முழுக்கக் காத்திருந்தது வெந்நீர்ப் பைக்கா?

கடையில் இஸ்திரி போடும் அக்கா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அதுக்குன்னே மாத்திரை இருக்குடி. தேதிக்கு முன்னாடியே ஆரம்பி. நிறுத்துற வரைக்கும் வராது. அவர் போனதும் நிறுத்திக்கோ."

அடுத்த வருடத்திலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தெருமுனை மருந்துக்கடைக்காரரின் வாய் சும்மா இருக்காது என்பதால் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள். தலை சுற்றும், மார்பு கனத்து வலிக்கும். வெளியே காட்டாமல் சிரித்துக்கொண்டு திரிந்தாள். அவனிடம் சொல்லவில்லை. தான் வந்தால் அவளுக்கு அந்தத் தொந்தரவே வருவதில்லை, எல்லாம் தன் ராசி என்று அவன் மீசையை முறுக்குவான். அந்தப் பெருமையைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அவன் கிளம்பிப் போனபின் மாமியார் ஒரு வாரம் அவள் முகத்தையே பார்ப்பாள். பிறகு, காய் நறுக்கியபடியே, நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்பாள். இல்லை என்பாள் இவள். மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று நாளிலேயே அது வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்திருக்கும். அதற்குமேல் இருவரும் பேசமாட்டார்கள். மாமியாருக்காவது போனில் புலம்ப ஒரு தங்கை இருந்தாள். இவளுக்கு அதுவும் இல்லை. சின்னக் குழந்தைகளின் துணி கடைக்கு வந்தால் மட்டும் அக்காவிடம் கொடுக்காமல் தானே இஸ்திரி போடுவாள்.

இந்த வருடம் மாமியார் முன்பே விழித்துக்கொண்டாள். மகன் இருந்த மூன்று வாரமும் மருமகள் ஒரு நாள்கூடச் சுருண்டு படுக்கவில்லை. அவன் போன மறுநாளே, புதுச்சேலை கட்டிக்கொண்டு, டாக்டரிடம் போகலாம் வா என்றாள். உங்கள் மகனோடு இருப்பதற்காக மாத்திரை போட்டேன் என்று எந்த மருமகள் மாமியாரிடம் சொல்வாள்? வாயை மூடிக்கொண்டு கூடவே போனாள்.

டாக்டரம்மாவிடம் தனியாக எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, எத்தனை வருஷமாக இப்படி, குழந்தை வேண்டாம் என்றுதானா என்று கேட்டார். இவள் பதறிப்போய், குழந்தைக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

"அந்த மாத்திரை ரத்தத்தை மட்டும் தள்ளிப் போடலம்மா. மாதவிலக்கு வந்து முடிஞ்சப்புறம்தான் அடுத்த முட்டை வளர்ந்து வெளிய வரும். இதைத் தள்ளிப் போட்டா அதுவும் தள்ளிப் போயிடும். வர்றபடி வர விட்டிருந்தா, அவர் கிளம்புறதுக்குள்ள அந்த நாள் வந்திருக்கலாம். இப்ப அவர் போனதுக்கப்புறம்தான் வருது."

அவள் வெளியே வந்தபோது மாமியார் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்து நின்றாள்.

"தள்ளிப் போயிருக்கா?"

"தள்ளிப் போகல அத்தை. நானே தள்ளிப் போட்டுட்டேன்."

டாக்டர் அறை வாசலிலேயே நின்றபடி முழுவதையும் சொல்லிவிட்டாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன்கிட்ட சொல்லாதே. கடல்ல கிடக்கிறவன், மனசு ஒடிஞ்சிடுவான்."

இவள் மனசைப் பற்றி யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தும் மாமியார் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாதவிலக்கு வந்தது, வலித்தது, முடிந்தது. டாக்டர் சொன்ன அந்த நாட்களும் வந்தன. கட்டிலில் அவன் பக்கம் துவைத்த துணிகள் மடிக்காமல் கிடந்தன. அந்த வாரத்தில்தான் அவன் கப்பலிலிருந்து போன் செய்தான். மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு இந்தப் பக்கம் காதைக் கொடுத்தாள். வேலை, வெயில், புதிதாக வந்த சமையல்காரன் என்று சுற்றி வளைத்துவிட்டு, விசேஷம் ஏதாவது உண்டா என்று தயங்கிக் கேட்டான். இல்லை என்றாள்.

"சரி விடு, அடுத்த லீவுல பாத்துக்கலாம். இந்தத் தடவை ஒரு நாளைக்கூட நாம வீணாக்கல. அதை நெனச்சுக்கிட்டே எனக்கு இங்க பொழுது ஓடிடுது."

மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க," என்றாள். "ஒரு நாளைக்கூட வீணாக்கல."