எதிர்ப் பெட்டி

உத்திரமேரூர் திருவிழாவில் ராட்டினக்காரன் சடையப்பன் எதிர்ப் பெட்டியைக் கை காட்டியதுமே திலகாவுக்குச் சுருக்கென்றது. எட்டுப் பெட்டி ராட்டினம் அது. வெயில் தாழவில்லை, கூட்டமும் சேரவில்லை. முதல் பெட்டியில் மானாம்பதி நிலக்காரர் குடும்பம் நெருக்கியடித்து உட்கார்ந்தாயிற்று. அடுத்த பெட்டி காலியாகத்தான் வந்து நின்றது. அதில் ஏறப்போன அவள் மகள் ஜெனிஃபரையும் தங்கை குடும்பத்தையும் தடுத்து, இது வேண்டாம், எதிர்ப் பெட்டி சுற்றி வரட்டும் என்கிறான்.

அந்த நிலக்காரர் கழனியில்தான் திலகா நாற்று நடுகிறாள். அவர் வீட்டுக் கல்யாணத்தில் காலனி ஆட்களைக் கொல்லைப்புறப் பந்தலுக்கு அனுப்பியபோதும், முன்னால் இடமில்லை என்று தேனொழுகத்தான் சொன்னார்கள். ஒதுக்குகிறவர்களுக்குக் காரணமா கிடைக்காது? இவன் அதைக்கூடச் சொல்லவில்லை. நிலக்காரரை ஒரு பார்வை வேறு பார்த்துக்கொண்டான்.

"எங்க பசங்க பக்கத்துல குந்துனா அவங்களுக்கு ஒட்டிக்குமா?" என்று கேட்டாள்.

சடையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் திரும்பிப் பார்க்கவும், வம்பெதற்கு என்று கதவைத் திறந்துவிட்டான். திலகா கீழே தலைநிமிர்ந்து நின்றாள். ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு.

பெட்டிகள் மேலே ஏறும்போதே மோட்டார் முக்கியது. உச்சியைத் தாண்டியதும் கனமெல்லாம் ஒரே பக்கம் இழுக்க, ராட்டினம் மோட்டாரையும் மீறி ஓடியது. பெட்டிகள் தாறுமாறாக ஆடின. சடையப்பன் பிரேக்கில் தொங்கினான். பாதி இறக்கத்தில் கிறீச்சென்று நின்றது. கருகல் வாடை அடித்தது. மேலே ஜெனிஃபர் கம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"பிரேக்க வுட்டா பிச்சிக்கினு ஓடும். எதிர்ப்பக்கம் கனம் வோணும், ஏறுங்க," என்றான் சடையப்பன்.

வேடிக்கை பார்த்தவர்கள் யோசித்துக்கொண்டு நின்றார்கள். திலகா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மறுபக்கம் தாழ நின்ற பெட்டிக்குள் தாவினாள். அவளைப் பார்த்து இரண்டு ஆண்கள் ஏறினார்கள். பிரேக் மெல்லத் தளர்ந்தது. அவள் மேலே போகப் போக மகள் கீழே இறங்கினாள்.

கடைசியாக அவளும் தரைக்கு வந்தாள். ஜெனிஃபரை இறுக அணைத்தபடியே சடையப்பனிடம் கேட்டாள்.

"கனத்துக்குத்தான்னு மொதல்லயே சொன்னா இன்னா?"

அவன் கையில் எழும்பியிருந்த கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தான். "சொல்லியிருந்தா நம்பியிருப்பியாக்கா?"

திலகா நம்பியிருக்க மாட்டாள். நாளைக்கு வேறு யாராவது நியாயமான காரணம் சொல்லித் தள்ளி உட்காரச் சொன்னாலும் நம்ப மாட்டாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.