பொத்துவில் மாமி

முனவ்வறாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் அவள் பெரிய உத்தமி என்று அர்த்தமில்லை. வாய் சொல்லி முடிப்பதற்குள் முகம் காட்டிக் கொடுத்துவிடும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் அன்று காலை நாவிதன்வெளியில் இருந்து ஆட்டோ பிடித்து, கிட்டங்கிப் பாலத்தைத் தாண்டி, கடற்கரைத் தெருவில் இருந்த சின்னச் சுனாமி மியூசியத்துக்கு ஒரு முழுப் பொய்யோடு போனாள். எந்த ஊர் என்று கேட்டால் பொத்துவில் என்பது. எதற்கு வந்தீர்கள் என்றால் சும்மா பார்க்க என்பது. அதற்கு மேல் கேட்டால் ஸுஹைறா பார்த்துக்கொள்வாள்.

ஸுஹைறா அவளுடைய புருஷனின் தங்கை. மதினி என்றுதான் முனவ்வறா கூப்பிடுவாள். வழியெல்லாம் கேலி பண்ணி ஆளை ஒரு வழியாக்கிவிடும் மதினி. ஆனாலும் இந்த மாதிரி வேலைக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது.

வேலை வேறொன்றுமில்லை, பெண் பார்ப்பதுதான். முனவ்வறாவின் மகன் நிப்றாஸ் பள்ளிக்கூட வாத்தியார். படிப்பிக்கும் நேரம் தவிர வாயைத் திறக்க மாட்டான். கறியில் உப்பில்லை என்றால்கூடச் சொல்லாமல் தின்றுவிட்டு எழும்புகிறவன். அவன் ஒருநாள் பிள்ளைகளை இந்த மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். வீட்டுக்குத் திரும்பியவன், இங்கே சுற்றிக்காட்டும் றுஸ்னா என்ற பெண்ணைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி இன்னும் நிறுத்தவில்லை. அவனுடைய வாப்பாவுக்குச் சம்மதம். றுஸ்னாவின் பெற்றோரைக் கடல் கொண்டுபோன பிறகு அவளை வளர்த்தெடுத்த, உம்மாவின் தங்கையான சாச்சிக்கும் சம்மதம். முனவ்வறா மட்டும் ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இழுத்துக்கொண்டு கிடந்தாள். அன்று பின்னேரம் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. இந்தக் கரையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி போக வேண்டும். விடிந்தால் பொழுதுபட்டால் கடலையும் அது கொண்டுபோன மௌத்துகளையும் கதைத்துச் சம்பளம் எடுக்கிற பெண்ணின் வீட்டில் சிரிப்பு எப்படி இருக்கும்? தன் பிள்ளை அங்கே போய் ஊமையாகவே ஆகிவிடுவானே என்று பயந்தாள்.

அந்த நியாயத்துக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. முன்பு அவர்களும் இந்தக் கடற்கரையில்தான் இருந்தார்கள். கடல் வந்த அன்று, நிப்றாஸின் தங்கை நஸ்மிலா போய்விட்டாள். அவளுக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகுதான் குடும்பம் நாவிதன்வெளி வயல் பக்கம் குடியேறியது. நஸ்மிலா என்ற பெயரை அந்த வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் உம்மா தாங்க மாட்டாள் என்று தகப்பனும் மகனும் நினைத்தார்கள். முனவ்வறாவும் அப்படித்தான் நினைத்தாள்.

மியூசியம் என்றால் இரண்டு அறையும் ஒரு விறாந்தையும்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும், வாசலுக்கு ஓடிவந்த பெண் வாயெல்லாம் பல்லாக, "வாங்க மாமி" என்றாள்.

முனவ்வறாவுக்குத் திக்கென்றது. மாமி என்கிறாளே, வந்த காரியம் அம்பலமாகிவிட்டதா? திரும்பி ஆட்டோவைப் பார்த்தாள். ஸுஹைறா அவள் முழங்கையில் கிள்ளி, வயதில் மூத்த பெண்களை யாரும் மாமி என்றுதான் கூப்பிடுவார்கள், இன்னும் நீ மாமியாராகவில்லை என்று காதுக்குள் சொன்னாள்.

"எந்த ஊர் மாமி நீங்க?"

"பொத்துவில்" என்றாள் முனவ்வறா, சுவரில் இருந்த மின்விசிறிச் சுவிச்சைப் பார்த்து.

றுஸ்னா சுற்றிக்காட்டினாள். வளைந்து போன சைக்கிள், உப்பேறிய தையல் மெஷின், ஒற்றைச் செருப்பு. மூலையில் ஐஸ் வைக்கிற பிறிஜ் ஒன்று துருப்பிடித்து நின்றது. அதன் பக்கத்தில் வந்ததும் றுஸ்னாவின் முகமே மலர்ந்துவிட்டது. கடல் வந்தபோது இந்தப் பிறிஜ் ஒரு கிடாயை மேலே ஏற்றிக்கொண்டு பள்ளிவாசல் மதில் வரைக்கும் மிதந்து போனதாம். அடுத்து வந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அதைக் குர்பான் கொடுக்கலாம் என்று கிடாயின் சொந்தக்காரர் இழுத்துக்கொண்டு போக, அறுக்கிறவர் பார்த்துவிட்டு, இது கடலையே ஏய்த்துவிட்டு வந்தது, இதில் நான் கை வைக்க மாட்டேன் என்று கத்தியை உறையில் போட்டுவிட்டாராம். பிறகு அந்தக் கிடாய் சந்தையில் கடை கடையாகப் புகுந்து மரக்கறி தின்று, கேட்க ஆளில்லாமல் கொழுத்து, வயது போய்க் கௌரவமாக மௌத்தானதாம். கிடாய் பிறிஜில் நின்ற நிலையை றுஸ்னா நான்கு கால் இல்லாமலே நடித்துக் காட்டினாள்.

முனவ்வறா சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடக்க முடியவில்லை. சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது. மௌத்தானவர்களின் இடத்தில் நின்று இப்படியா சிரிக்க வைப்பது என்று ஸுஹைறாவிடம் முணுமுணுத்தாள். சிரிக்க மாட்டாள் என்று ஒரு குற்றம், சிரிக்க வைக்கிறாள் என்று இன்னொரு குற்றம், உனக்குப் பொருத்தமான மருமகளை ஓடர் கொடுத்துத்தான் செய்விக்க வேண்டும் என்றாள் ஸுஹைறா.

இரண்டாவது அறையில் சுவர் முழுக்கக் கடல் கொண்டுபோனவர்களின் படங்கள். முனவ்வறா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்தவள். ஆகவே கண்ணை வேறெங்கும் விடாமல் றுஸ்னாவின் மீதே வைத்திருந்தாள். நடை பரவாயில்லை. குரல் நல்ல குரல். படங்களில் ஒட்டிய தூசியைத் தாவணி நுனியால் துடைத்துக்கொண்டே கதைக்கிறாள், சுத்தமான பிள்ளைதான். நெற்றி கொஞ்சம் பெரிது.

றுஸ்னா கதையை நிறுத்தினாள். "மாமி, இங்க வாற ஆக்கள் போட்டோவத்தான் பாப்பாங்க. நீங்க வந்த நேரத்திலருந்து என்னத்தானே பாக்கிறீங்க?"

ஸுஹைறாவுக்குப் புரையேறிவிட்டது. எதையாவது கேட்டுத் தப்ப வேண்டும் என்ற அவசரத்தில் முனவ்வறா சுவர்ப் பக்கம் கையை நீட்டி, "அது ஏன் படமில்லாம சட்டம் மட்டும் இரிக்கி?" என்றாள். கேட்ட பிறகுதான் சட்டத்துக்குக் கீழே எழுதியிருந்ததை வாசித்தாள். நஸ்மிலா.

கடலில் அல்மாரியோடு ஆல்பமும் போய்விட்டது. மகளின் படம் ஒன்றுகூட அவளிடம் மிஞ்சவில்லை. பள்ளிவாசல்காரர்கள் எழுதிக் கொடுத்த பெயரை மட்டும் இங்கே மாட்டியிருக்கிறார்கள். முனவ்வறா பக்கத்தில் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

றுஸ்னாவுக்கு இது ஒன்றும் தெரியாது. நிப்றாஸ் தங்கையைப் பற்றி இங்கேயும் வாயைத் திறக்காமல்தான் போயிருப்பான்.

"இவவுக்குப் போட்டோ கிடைக்கல்ல மாமி. ஆனா இவவ நான் கண்டிரிக்கன். நேசறிப் பள்ளிக்கூடத்தில எனக்குப் பக்கத்துக் கதிர. சரியான சண்டக்காரி. ஒரு பலூனுக்கு என்ட கையக் கடிச்சிட்டா. அடையாளம் அழிஞ்சே போகல்ல, பாருங்க." சட்டைக் கையை மடித்து மணிக்கட்டுக்கு மேலே காட்டினாள். "வாற ஆக்களுக்கு இதத்தான் காட்டுற நான். இதுதான் அவட போட்டோ எண்டு."

சின்னதாக, வெளிறிய பிறை மாதிரி ஒரு தழும்பு. முனவ்வறா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறையின் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. கிணற்றுக் கட்டில் ஏறி விழுந்து நஸ்மிலா முன் பல் ஒன்றை உடைத்துக்கொண்டது அந்த வருஷம்தான். அதற்குப் பிறகும் கரும்பு கேட்டு அழுதாள், கொழுக்கட்டையைக் கடைவாயில் வைத்துக் கடித்தாள், ஆட்களையும் கடித்தாள். முனவ்வறா அந்த இடைவெளியை விரலால் தடவினாள். அழுகை வரும் என்று இவ்வளவு காலமும் பயந்திருந்தாள். அழுகையும் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. மகளை நினைத்துச் சிரிக்க முடியும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

றுஸ்னா பயந்துபோனாள். "மாமி, நீங்க பொத்துவில் இல்லயா?"

"பொத்துவிலுமில்ல ஒண்டுமில்ல. நான் நிப்றாஸ்ட உம்மா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உன்னக் கடிச்சது ஆரெண்டு நெனச்சாய் புள்ள? உன்ட மதினி."

காலையில் இருந்து வாய் ஓயாத அந்தப் பெண் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். கையை மட்டும் இழுக்கவில்லை. பின்னேரம் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, சாச்சிக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று ஸுஹைறா போனை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனாள். ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.

முனவ்வறாவின் காதில் அது விழவில்லை. கதிரையை இழுத்துப்போட்டுச் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து, றுஸ்னாவையும் பக்கத்தில் இருத்தினாள்.

"இரி மகள். நஸ்மிலா வேற என்னென்ன செஞ்சா? எல்லாத்தையும் சொல்லு."